ரோவனியெமியில் ஹஸ்கி வண்டி, ரெயின்டீர் வண்டி: ஒரு நாள் பனிச்சுற்றுலாவுக்கு எப்படித் தயாராவது?

எட்டு மணி நேரச் சுற்றுலா என்று போட்டிருந்தால், அதில் பனிவண்டியில் ஓடுவது எத்தனை நிமிடம் என்று முதலில் கேளுங்கள். இதைக் கேட்காமல் பணம் கட்டியதில்தான் எங்கள் சிரமம் தொடங்கியது.

பின்லாந்தின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துக்கு ரோவனியெமி தலைநகரம். ஆர்க்டிக் வட்டம் ஊருக்கு 8 கிலோமீட்டர் வடக்கே ஓடுகிறது. மார்ச் முதல் வாரத்தில் நாங்கள் நால்வர் போனோம்: நான், என் கணவர், 8 வயது மகன், 64 வயது அம்மா. ஹஸ்கி நாய்கள் இழுக்கும் வண்டி, ரெயின்டீர் என்கிற பனிமான் இழுக்கும் வண்டி, நடுவே ஒரு குடிலில் சாப்பாடு என்று எல்லாம் ஒரே நாளில். அந்த நாள் நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே அமைந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் நாங்கள் செய்த பிழைகளுக்குக் கொடுத்த பணமும் கெட்ட தூக்கமும் உங்களுக்கு வேண்டாம். சென்னையிலிருந்து விசாவுக்கு விண்ணப்பித்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியிலேயே வசிப்பவர்கள் 3-ஆம் படியைத் தாண்டிப் போகலாம்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

படங்களில் பார்ப்பது பெரும்பாலும் டிசம்பர். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ரோவனியெமியில் சூரியன் காலை 11 மணிவாக்கில் எழுந்து மதியம் ஒன்றரைக்குள் மறைந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் நீலமான மங்கல் வெளிச்சம் இருக்கும், அது அழகுதான். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரத்தில் அறை வாடகை கையைக் கடிக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து விலை இறங்கும், குளிர் ஏறும். மைனஸ் 25, மைனஸ் 30 என்று போகும் நாட்களுக்கு அப்போது தயாராக இருக்க வேண்டும். நவம்பரில் பனியை நம்ப முடியாது. பனி போதாவிட்டால் நாய்களைச் சக்கர வண்டியில் பூட்டி ஓட்டுவார்கள்.

குழந்தையோ வயதானவர்களோ உடன் வருகிறார்கள் என்றால் என் பரிந்துரை மார்ச்தான். பகல் பத்து மணி நேரத்துக்குக் குறையாது, காடு முழுக்கப் பனி கனத்துக் கிடக்கும், குளிரும் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கும். எங்களுக்கு அன்று காலை மைனஸ் 14, மதியம் மைனஸ் 6. இரண்டு எச்சரிக்கைகள். பிப்ரவரி பின்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பின்லாந்துப் பள்ளிகளுக்கு வட்டாரவாரியாக விடுமுறை விடுவதால் உள்ளூர்க்காரர்களே வடக்கே கிளம்பிவிடுவார்கள், இடம் சீக்கிரம் நிறையும். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். நம் ஊரில் அந்த வழக்கமே இல்லாததால் நமக்கு நினைவுக்கு வராது. அன்று காலை சுற்றுலா இருந்தால் வண்டியைக் கோட்டைவிடுவீர்கள்.

2. கிலோமீட்டரைப் படியுங்கள், தலைப்பைப் படிக்காதீர்கள்

நாங்கள் முதலில் பதிவு செய்த சுற்றுலாவின் பெயரிலேயே ஹஸ்கியும் இருந்தது, ரெயின்டீரும் இருந்தது. பணம் கட்டிய பிறகுதான் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை என் கணவர் படித்தார்: ஹஸ்கி 500 மீட்டர், ரெயின்டீர் 400 மீட்டர். நாய்கள் 500 மீட்டரை இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடிவிடும். மீதி நேரமெல்லாம் வேன் பயணம், உடை மாற்றுவது, நினைவுப்பொருள் கடைகள். ரத்து செய்தோம். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது.

அதனால் பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சவாரியும் எத்தனை கிலோமீட்டர்? நாய் வண்டியை நாமே ஓட்டுவதா, அல்லது அவர்கள் ஓட்ட நாம் உட்கார்ந்து வருவதா? ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? குழந்தைக்குக் குறைந்தபட்ச வயது உண்டா? சவாரி வேண்டாம் என்கிறவர் குடிலில் காத்திருக்கலாமா, அவருக்குக் கட்டணம் குறையுமா? இந்தக் கடைசிக் கேள்வி எங்களுக்கு உதவியது. அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. நாய் வண்டி பள்ளம் மேட்டில் தூக்கிப் போடும் என்று அவர்களே சொல்லி, அம்மாவுக்கு ரெயின்டீர் சவாரிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கட்டணம் போட்டார்கள். கர்ப்பிணிகளையும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் நாய் வண்டியில் பொதுவாக ஏற்றுவதில்லை. மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது விலைகள் ஏறக்குறைய இப்படி இருந்தன. சில நூறு மீட்டர் ரெயின்டீர் சவாரி 25 முதல் 40 யூரோ. நாமே ஓட்டும் 5 முதல் 10 கிலோமீட்டர் ஹஸ்கி சவாரி, வேனும் உடையும் சேர்த்து 130 முதல் 190 யூரோ. இரண்டும் மதிய உணவும் சேர்ந்த முழு நாள் 180 முதல் 280 யூரோ. ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவு. பயண நாளுக்கு இத்தனை நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பும் என்கிற நிபந்தனை உள்ளதை மட்டுமே எடுங்கள். விசா வரும் முன்பே நாம் பதிவு செய்கிறோம் என்பதால், நாலு காசு கூடுதலானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சில சுற்றுலாக்களில் பண்ணைக்குப் போவதே ஸ்னோமொபைல் என்கிற பனி மோட்டார் வண்டியில்தான். அதை ஓட்டுபவர் கையில் அசல் ஓட்டுநர் உரிமம் வேண்டும். வண்டிக்குச் சேதம் வந்தால் குறிப்பிட்ட தொகை வரை ஓட்டியவர் தலையில் விழும். விலங்குகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேனில் கூட்டிப்போகும் சுற்றுலாவே போதும்.

3. விசா

நார்வேயின் திரும்சோ, ஸ்வீடனின் கிருனா, பின்லாந்தின் ரோவனியெமி எதுவானாலும் ஷெங்கன் விசாதான். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. மார்ச் பயணத்துக்கு நவம்பரிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

இதில் நாங்கள் மாட்டியது இரண்டு இடத்தில்.

முதலாவது, எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பது. பாரிஸில் மூன்று இரவு, பின்லாந்தில் ஐந்து இரவு என்று திட்டம். 'எந்த நாட்டுக்கு நேரம் கிடைக்கிறதோ அதற்குப் போடுங்கள், ஷெங்கன் எல்லாம் ஒன்றுதான்' என்றார் ஒரு முகவர். அப்படிச் செய்யாதீர்கள். அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. நல்லவேளையாக நாங்கள் விதியைப் படித்துப் பார்த்து, பாரிஸையே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

இரண்டாவது, பெயர். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. விமானச் சீட்டில் பெயரையே இரண்டு முறை போட்டிருந்தார்கள். காப்பீட்டில் தலைப்பெழுத்தை விரித்து தாத்தாவின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். மகனின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் தலைப்பெழுத்தோடு, என் பாஸ்போர்ட்டில் விரித்த பெயர். மையத்தில் உட்கார்ந்திருந்தவர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. காப்பீட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரம் போனது. எல்லாத் தாளிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வரட்டும். சான்றிதழில் வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்பதை விளக்கி ஒரு கடிதம் இணைத்துவிடுங்கள்.

எடுத்துவைக்க வேண்டியவை: ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லக்கூடிய, இரண்டு பக்கமாவது காலியாக உள்ள, கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட், புகைப்படம், விமானம், தங்குமிடப் பதிவுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், நாள்வாரியான பயணத்திட்டம், காப்பீடு. அம்மாவின் செலவை நாங்கள் ஏற்பதால் அதைச் சொல்லும் கடிதமும் உறவுச் சான்றும் வைத்தோம். குழந்தை பெற்றோரில் ஒருவருடன் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். சென்னை மையம் வாங்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். முடிவு தூதரகத்தின் கையில். மையத்தில் யாராவது 'கண்டிப்பாகக் கிடைத்துவிடும்' என்று சொன்னால் அதை நம்பி எதையும் உறுதி செய்யாதீர்கள்.

4. காப்பீடு

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது விசாவுக்குப் போதும், சவாரிக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. மலிவான காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். நாய் வண்டி ஓட்டுவது அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு முதலில் காட்டிய திட்டத்தில் சேரவில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வேறு திட்டம் எடுத்தோம்.

5. முந்தின நாளே போய்ச் சேருங்கள்

சென்னையிலிருந்து ஹெல்சிங்கிக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது மாறி ஹெல்சிங்கி, அங்கிருந்து ரோவனியெமிக்கு ஒன்றேகால் மணி நேர விமானம் அல்லது ஏறக்குறைய 12 மணி நேர இரவு ரயில். தூங்கும் அறையுள்ள அந்த ரயில் குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். முன்கூட்டி எடுத்தால் விலை குறைவு.

எதில் போனாலும் சேர்ந்த அன்றே சுற்றுலா வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முறை விமானம் மாறியதில் எங்கள் பெரிய பெட்டிகள் ஒரு நாள் தாமதமாக வந்தன. தெர்மல் என்கிற குளிர்கால உள்ளுடை, கம்பளி சாக்ஸ் எல்லாம் அதில். அன்று மாலை கடையில் மகனுக்கும் அம்மாவுக்கும் மட்டும் வாங்கினோம், நம் ஊர் விலையில் மூன்று மடங்கு. ஒரு செட் தெர்மல், கம்பளி சாக்ஸ், குல்லா, மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

6. உடை

வெளியே போட்டுக்கொள்ளும் கனமான ஓவரால் (மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை), பூட்ஸ், கையுறை, குல்லா எல்லாம் பெரும்பாலான சுற்றுலாக்காரர்களே கொடுக்கிறார்கள். கட்டணத்தில் சேர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். ஆகவே நம் ஊரில் பெரிய பனிக்கோட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். உள்ளே போடுவதில் செலவழியுங்கள். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், அதற்கு மேல் அவர்களின் ஓவரால்.

பருத்தியைத் தவிருங்கள். நம் ஊர் வெயிலுக்கு உயிர் காக்கும் பருத்தி அங்கே எதிரி. வியர்வையைக் குடித்து ஈரமாக ஒட்டிக்கொள்ளும், அந்த ஈரம்தான் உடம்பைக் குளிரவைக்கும். ஜீன்ஸும் பருத்திதான். சாக்ஸ் இரண்டு போட்டால் இன்னும் கதகதப்பு என்று நினைத்து பூட்ஸை இறுக்கிவிடாதீர்கள். விரல் அசைய இடம் இருந்தால்தான் ரத்தம் ஓடும், பாதம் சூடாக இருக்கும். ஓர் அளவு பெரிய பூட்ஸ் கேளுங்கள். விரல் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் மேல்.

பெண்களுக்கு ஒன்று: உலோகம் குளிரை நேரே தோலுக்குக் கடத்தும். கம்மலையும் வளையலையும் அறையிலேயே கழற்றிவிட்டேன். அம்மா மட்டும் மூக்குத்தியைக் கழற்ற மனமில்லாமல் வந்தார். வேனைவிட்டு இறங்கிய சில நிமிடத்தில் மூக்கு ஊசி குத்தியதுபோல் வலித்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. குடிலின் நெருப்பருகே உட்கார்ந்து சூடுபடுத்திக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். தாலிச் சரடு உள்ளாடைக்குள் உடம்புச் சூட்டிலேயே இருந்தால் தொந்தரவில்லை.

கைபேசியின் மின்கலம் குளிரில் சட்டென்று இறங்கும். வெளிப்பையில் வைக்காமல் ஓவராலுக்குள் வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் மூடிக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் கோக்காது.

7. அன்று காலை

எங்கிருந்து ஏற்றிக்கொள்வார்கள் என்பதை முந்தின நாளே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். எல்லா விடுதிக்கும் வேன் வராது. நகரத்தில் ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் முன்பு கூடச் சொல்வார்கள். சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம்தான், காத்திருக்கமாட்டார்கள். ஓவரால் மாட்டும் முன் எல்லோரும் கழிப்பறை போய்விடுங்கள். மாட்டிய பிறகு குழந்தையைக் கூட்டிப்போக கால் மணி நேரம் ஆகும், பண்ணையில் இருப்பது வெளியே உள்ள உலர் கழிப்பறையாகவும் இருக்கலாம்.

8. நாய் வண்டி

பண்ணையில் இறங்கியதும் காதை அடைக்கும் குரைப்பு. பயப்பட வேண்டாம், அது கோபமல்ல, அவசரம். பூட்டிய நாய்கள் நின்ற இடத்திலேயே எகிறிக் குதிக்கும், கயிற்றைக் கடிக்கும். என் மகன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். பனியில் குத்தியிருந்த நங்கூரத்தை உருவிய அடுத்த நொடி அத்தனை சத்தமும் நின்றது. சறுக்குச்சட்டம் பனியில் உரசும் ஓசை மட்டும். எங்கள் வண்டியில் ஐந்து நாய்கள். முன் வரிசையில் இடப்பக்கம் ஓடியது ஓட்டத்தை நிறுத்தாமலே தலையைச் சாய்த்து ஓரத்துப் பனியை வாயில் அள்ளி அள்ளித் தின்றுகொண்டே போனது. ஓடும்போது அதுதான் அவற்றுக்குத் தண்ணீர்.

ஒருவர் பின்னால் சட்டத்தின்மேல் நின்று ஓட்ட வேண்டும், மற்றவர் உட்கார்ந்து வரலாம். பாதி வழியில் மாறிக்கொள்ளலாம். முதலில் என் கணவர் ஓட்டினார், நானும் மகனும் உட்கார்ந்தோம். பிறகு நான் ஓட்டினேன். புறப்படும் முன் கற்றுத்தரும் பத்து நிமிடத்தில் படம் எடுக்காதீர்கள், கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், எது நடந்தாலும் கைப்பிடியை விடக்கூடாது. விட்டால் எடை குறைந்த வண்டியோடு நாய்கள் ஓடிவிடும், உள்ளே குழந்தை இருக்கும். ஒரு வளைவில் என் கணவருக்குக் கால் நழுவியது. முழங்கால் பனியில் இழுபட நாலைந்து அடி போனார், கையை விடவில்லை. வண்டி வேகம் குறைந்ததும் ஏறிப் பிரேக்கை மிதித்தார். இறக்கத்தில் முன்கூட்டியே பிரேக்கை லேசாக மிதியுங்கள், வண்டி நாய்களின் காலில் இடிக்கக்கூடாது. ஏற்றத்தில் ஒரு காலால் தரையை உந்தி உதவுங்கள்.

உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குளிர் அதிகம், ஓட்டுபவருக்கு வியர்க்கும். முகத்தை மூக்கு வரை மூடுங்கள். நிற்கும் இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்: கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடாக்குங்கள், தேய்க்காதீர்கள், உடனே கைடிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்து உறிஞ்சியை உள்பையில் வைத்திருங்கள்.

9. சாப்பாடு

குடிலின் நடுவில் நெருப்பு, சுற்றிலும் ரெயின்டீர் தோல் விரித்த பெஞ்சுகள். வழக்கமாகக் கொடுப்பது சால்மன் மீன் சூப் அல்லது ரெயின்டீர் இறைச்சி. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதுங்கள், இரண்டு நாள் முன்பு நினைவூட்டுங்கள். முட்டை, மீன் சாப்பிடுவீர்களா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காளான் சூப்பும் ரொட்டியும் கிடைத்தது, கூடவே சூடான பெர்ரிச் சாறு. குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும், பாட்டில் வாங்க வேண்டாம்.

10. ரெயின்டீர் வண்டி

இது முற்றிலும் வேறு வேகம். மான்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டு நடக்கும், பெரும்பாலும் கைடு முன்னால் நடந்து போவார். வண்டிக்கு இருவர். முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றது. மெதுவாகப் போவதால் குளிராது என்று நினைக்காதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பதால் நாள் முழுவதிலும் எங்களுக்கு அதிகம் குளிர்ந்தது இங்கேதான். ஏறும் முன் கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள், கூடுதல் போர்வை கேளுங்கள். கொம்பைத் தொடக்கூடாது, பின்பக்கமாகப் போகக்கூடாது. தீனி கொடுக்கச் சொன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள்.

காட்டில் திரியும் மானுக்கும் அங்கே சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டிய அடையாளம் இருக்கும். 'உங்களிடம் எத்தனை மான்?' என்று மட்டும் கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம்.

11. ஒரு நாளைக் காலியாக வையுங்கள்

கடுங்குளிர் என்றால் சவாரியைச் சுருக்குவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். முக்கியமாகக் குழந்தைகளை ஏற்றமாட்டார்கள். பணம் திரும்பும், அல்லது வேறு நாள் தருவார்கள். அந்த வேறு நாளில் நீங்கள் விமான நிலையத்தில் இருந்தால் எந்தப் பயனும் இல்லை. அதனால் ரோவனியெமியில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள், சுற்றுலாவை நடு நாளில் வையுங்கள், அடுத்த நாளுக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள். தேவைப்படாவிட்டால் ரயில் நிலையத்திலிருந்து 8-ஆம் எண் பேருந்தில் சாண்டா கிளாஸ் கிராமத்துக்குப் போய் ஆர்க்டிக் வட்டக் கோட்டைத் தாண்டிவிட்டு வரலாம். சாண்டாவைப் பார்க்கக் கட்டணம் இல்லை, உள்ளே எடுக்கும் படத்துக்குத்தான் பணம். வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.